கருப்பனுக்கு அடித்த ஹாரன்

மதுரைக்கு அரை நாள் போதும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையில் வந்து இறங்குவார்களாம், கோயிலில் ஒரு சுற்று, மஹாலில் ஒரு சுற்று, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கொடைக்கானலுக்கோ தேக்கடிக்கோ பஸ் ஏறிவிடுவார்களாம். கல்யாணத்துக்கு வந்தவன் மொய்யை எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் போனால் வீட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருக்கும்.

என் பெயர் பத்மாசினி. சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் டிராவல்ஸ் நடத்தினேன். டிராவல்ஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு அம்பாசிடர், ஒரு டெலிபோன், காளை என்று ஒரு டிரைவர், அப்புறம் என் வாய். கைடு வேலையும் நானே. இங்கிலீஷில் விளக்குவேன், இந்தியில் பேரம் பேசுவேன், தமிழில் சண்டை போடுவேன். வீட்டுக்குள் சௌராஷ்டிரம். "உன் வாயை வாடகைக்கு விட்டாலே பிழைச்சுக்கலாம், கார் எதுக்கு?" என்பார் என் வீட்டுக்காரர் ஸ்ரீனிவாஸ். அவர் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து துணி அளப்பவர். பேச்சையும் அளந்துதான் பேசுவார்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மாசி மாதம், சென்னையிலிருந்து அசோக்குமார் வந்தார். வெளிநாட்டுக்காரர்களைப் பஸ் பஸ்ஸாகத் தென்னாட்டில் சுற்றிக்காட்டும் கம்பெனி அவருடையது. அடுத்த சீசனில் எந்த ஊரில் எத்தனை ராத்திரி தங்குவது என்று முடிவு செய்பவர் அவர்தான். அதுவரை மதுரைக்கு அரை நாள்தான். அந்த அரை நாளையும் கொடைக்கானல் ஏஜென்டிடமே கொடுத்துவிடலாமா என்று கம்பெனியில் பேச்சு அடிபட்டது. அப்படி நடந்தால் நான் மாடி அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். ராத்திரித் தங்கல் என்று ஆகிவிட்டால், அடுத்த நாள் சுற்றிக்காட்ட என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

"ஒரு நாள் வரேன் மேடம். என்ன இருக்குன்னு காட்டுங்க. சாயங்காலம் கொடைக்கானல்ல ஹோட்டல்காரங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று போனில் சொல்லியிருந்தார்.

"வாங்க சார். வந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்றேன். அன்றைக்கே கோயிலில் அம்மனுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிச் சாத்திவிட்டு வந்தேன்.

ரயிலடியில் இறங்கியவர் சிவப்பாக, ஒல்லியாக, தோய்த்து இஸ்திரி போட்டது மாதிரி இருந்தார். கையில் ஒரு செல்போன். அந்தக் காலத்தில் அது ஊருக்குள் போன், ஊர் எல்லை தாண்டினால் செங்கல். மணிக்கட்டில் பெரிய வாட்ச். அந்த வாட்சோடுதான் அன்றைக்கு முழுக்க எனக்குச் சண்டை.

முதலில் கோயில். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்துக்குள் அழைத்துப் போனேன். ஆள் உயரத்துக்கு மேல் கல்லில் செதுக்கிய ராஜாக்கள் தூணுக்குத் தூண் நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் வரிசையாகத் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடுகின்றன. ஒரு தையல்காரர் தன் இஞ்ச் டேப்பை ஒரு நாயக்க ராஜாவின் கூப்பிய கையில் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. வேறு எந்த ஊரில் ராஜா தையல்காரனுக்கு டேப் பிடிப்பார்?

"பாருங்க சார், ராஜாவுக்கும் வேலை குடுத்திருக்கோம்" என்றேன்.

"நைஸ்" என்றார். வாட்சைப் பார்த்தார்.

ஆயிரங்கால் மண்டபம், பொற்றாமரைக் குளம், மேலே நிமிர்ந்தால் கழுத்து வலிக்கும் கோபுரம், எல்லாவற்றுக்கும் ஒரு நைஸ். மஹாலுக்குப் போனோம். கட்டிப் பிடித்தால் கைக்கு அடங்காத தூண்கள், அண்ணாந்து பார்த்தால் சுதையில் பூவும் யாளியும். எங்கள் முன்னோர் நெசவுக்காரர்கள், குஜராத்திலிருந்து நடந்து நடந்து வந்தவர்கள். அவர்களில் ஒரு கூட்டம் இந்த மஹாலைச் சுற்றித்தான் தறி போட்டு உட்கார்ந்தது. நான் பிறந்த தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம். அதைச் சொன்னேன்.

"ஓ, நீங்க குஜராத்தியா மேடம்?"

"எப்பவோ சார். இப்ப மதுரைக்காரி. வந்தவங்க நாங்க நானூறு வருஷமா தங்கிட்டோம். நீங்க ஒரு ராத்திரி தங்க யோசிக்கிறீங்க."

சிரித்தார். மறுபடியும் வாட்சைப் பார்த்தார்.

சரி, கோயில் ஊர் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறார், மலையைக் காட்டுவோம் என்று கீழக்குயில்குடிக்கு வண்டியை விடச் சொன்னேன். சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரக் கூட்டம், பக்கத்தில் தாமரைக் குளம், ஐயனார், கருப்பன். வண்டி கருப்பனைத் தாண்டும்போது காளை மூன்று தரம் ஹாரன் அடித்தான். அவன் வண்டியில் வைத்திருந்தது சாதா ஹாரன் இல்லை, லாரிக்கு வைக்கிற ஏர் ஹாரன். அசோக்குமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதுக்குப்பா? ரோட்டுல யாருமே இல்லையே?"

"சாமி இருக்காருல்ல சார்" என்றான் காளை. "கருப்பனத் தாண்டுறப்ப ஹாரன் அடிக்காம போனா, 'என்னடா, கண்டுக்காம போறே'ன்னு கேட்டுப்புடுவாரு. நாங்க வண்டிக்காரவுக அம்புட்டுப் பேரும் அடிப்போம்."

காளை செக்கானூரணிப் பக்கம். ஆறடி ஆள், கடா மீசை, ஆனால் சாமி என்றால் பச்சைப்பிள்ளை. பாண்டி கோயில் ரோட்டில் ஒரு நாள் நின்று பாருங்கள். போகிற லாரி, வருகிற லாரி எல்லாம் முனியாண்டிக்கு ஹாரனால் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகும். எங்கள் ஊரில் அது தேங்காய் உடைப்பது மாதிரி.

மலை ஏறினோம். பாதி வழியில் பாறையை ஒட்டிச் சுனை. அதற்கு மேல் வரிசையாகக் கல்லில் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே வட்டெழுத்தில் யார் செய்து வைத்தது என்று பேர் வெட்டியிருக்கிறது. அந்த இடத்தில் நின்று திரும்பினால் என்ன காற்று! பச்சை வயல், நடுநடுவே கண்ணாடி போல் கண்மாய், மேற்கே நீட்டிப் படுத்த நாகமலை, தூரத்தில் மண்டியிட்ட ஆனைமலை, நடுவில் குச்சி குச்சியாகக் கோபுரங்கள். பாம்பும் யானையும் மதுரையை அழிக்க வந்ததாகவும், சொக்கநாதர் கல்லாக்கிப் போட்டதாகவும் கதை. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அழிக்க வந்ததே போக மனசில்லாமல் படுத்துவிட்டது, அப்படிப்பட்ட ஊர் இது.

அசோக்குமார் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆறிப்போன காபியைப் பாராட்டுவது போல் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். நாகமலையைச் சுற்றி, மேலக்கால் வழியாகச் சோழவந்தான் ரோடு. நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வாடிப்பட்டி வரை என் வாய்க்கு வழி கிடைக்குமே. இரண்டு பக்கமும் தென்னை, நிழலில் வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்காலில் வைகைத் தண்ணீர். ஆனால் அவர் வெளியே பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மேடம், ஓப்பனா சொல்லிடறேன். மதுரை கோயில் சிட்டி. கோயிலைப் பார்த்தா முடிஞ்சுது. மலை, குகை எல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கு. எங்க டூரிஸ்டுக்கு ஒரு 'ஆ' வேணும். வாயைப் பொளந்து நிக்கணும். அது காலையிலே கோபுரத்தைப் பார்த்தப்பவே வந்துடுது. அதுக்கப்புறம் எதுக்கு நைட் ஸ்டே? அரை நாளே போதும்னுதான் நான் சொல்லப்போறேன். அரை நாளுக்குத் தனியா கைடு வைக்கவும் முடியாது. கொடைக்கானல் ஏஜென்டே பார்த்துப்பாங்க."

எனக்குக் காது ரெண்டும் சுட்டது. கோபம் உச்சிக்குப் போனால் எனக்கு வீட்டு மொழிதான் வரும். சௌராஷ்டிரத்தில் இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு, "காளை, வாடிப்பட்டி தாண்டி மலைப்பக்கம் ஒரு மண்ரோடு பிரியும் பாரு, கட்டக்கருப்பன்பட்டி. அதுல திருப்பு" என்றேன்.

"மேடம், டைம்..."

"வழியிலதான் சார். எட்டிப் பார்த்துட்டுப் போயிருவோம். வேற எதுவும் கேக்கல, இந்த ஒண்ணு மட்டும்."

உண்மையில் நானும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. கண்மாய்க்கரையில் பெரிய ஆலமரம் இருக்கிறது, அது நிறைய பழந்தின்னி வவ்வால் என்று வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரம்மா சொல்லக் கேள்வி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தூக்குக்குப் போகிறவன் கடைசியாக எதையாவது கேட்பானே, அந்த மாதிரி கேட்டுவிட்டேன்.

மண்ரோடு கண்மாய்க்கரையில் ஏறியது. ஒரு பக்கம் சிறுமலை நீலமாக நிற்கிறது. இன்னொரு பக்கம் தண்ணீர். நடுவில் அந்த மரம். மரமா அது? ஒரு தெருவையே நிழலுக்குள் வைத்திருந்தது. விழுது ஒவ்வொன்றும் ஒரு மரம். கிளைக்குக் கிளை, இலை தெரியாமல், கிழிந்த கறுப்புக் குடைகளை மாட்டி வைத்தது போல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன வவ்வால்கள். மரத்தடியில் அரிவாளை ஓங்கிக்கொண்டு கருப்பன்.

நான் "சார், பாருங்க" என்று வாயைத் திறக்கிறேன். காளைக்குக் கருப்பன்தான் கண்ணில் பட்டார். மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். பயபக்தியோடு ஏர் ஹாரனை மூன்று தரம் ஓங்கி அடித்தான்.

மரம் வெடித்தது. அப்படித்தான் சொல்ல முடியும். கிளையெல்லாம் ஒரே சமயத்தில் பிய்த்துக்கொண்டு மேலே போனது போல் இருந்தது. பட்டப்பகலில் வானம் இருட்டிவிட்டது. கீச்சும் கூச்சலும் காதைப் பிளக்க, தோல் இறக்கைகள் படபடவென்று அடிக்க, அந்தக் கூட்டம் கண்மாய்க்கு மேல் வட்டம் போட்டது. எங்கிருந்தோ பருந்துகள் வந்தன, காக்கைகள் வந்து கொத்தின. அழகா, பயமா என்று சொல்லத் தெரியாமல் நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காளை கீழே இறங்கிக் கருப்பனைப் பார்த்தான். சூலத்தில் தொங்கிய மணிகளைப் பார்த்தான். ஒரு மணிக்கும் நாக்கு இல்லை. எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள்.

"யக்கா, மோசம் பண்ணிட்டேன்க்கா" என்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குள் ஊர் ஓடி வந்துவிட்டது. முன்னால் வந்தது ஒரு பொம்பளை. நாற்பது வயது இருக்கும், களையெடுத்த மண் கையோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. பேர் ஒச்சாயி. ஊர் பிரசிடெண்ட்.

"எவன்டா அவன் ஹாரன் அடிச்சது?" என்று கேட்டாள். கத்தவில்லை. ஆச்சரியம், தொண்டையை அடக்கியே அந்த அம்மாவால் அம்புட்டுக் கோபத்தைக் காட்ட முடிந்தது.

"நான்தான் ஆத்தா. கருப்பனுக்குத்தான் அடிச்சேன். தெரியாதுத்தா" என்றான் காளை.

"கருப்பனுக்கா? இந்தக் கருப்பன் சத்தம் கேட்டா எந்திரிச்சு வரமாட்டாரு, போயிருவாரு! அதுக அம்புட்டும் அவரு பிள்ளைக. தீவாளிக்கு நாங்க ஒரு வெடி போட்டது கிடையாது. கல்யாணத்துக்குக் கொட்டு மேளம் கண்மாய்க்கு அங்கிட்டுத்தான். பச்சப்புள்ளக்காரியா தொங்கிக்கிட்டு இருந்ததுகள எழுப்பி விட்டுட்டியே!"

எனக்கும் சுருக்கென்று வந்தது. "தெரியாம செஞ்சதுதானம்மா. போர்டு கீர்டு வச்சிருக்கலாமில்ல?" என்றேன்.

"ஏன், உங்க வீட்டுல தூளியில பிள்ள தூங்குதுன்னு போர்டு வச்சிருக்கியா?"

நான் கார்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

அப்போதுதான் காளை குனிந்து விழுதுக்கடியிலிருந்து எதையோ எடுத்தான். ஒரு குட்டி. உள்ளங்கை அளவு. நரிக்குட்டி முகம், பெரிய கண்கள், செம்பட்டை மயிர். தாயின் வயிற்றில் கவ்விக்கொண்டிருந்தது பிடி நழுவி விழுந்திருக்கிறது. காளை அதைத் துண்டில் வைத்துக்கொண்டு, ஆறடி ஆள், அழுதுவிட்டான். ஒச்சாயியின் முகம் கொஞ்சம் இறங்கியது. துண்டோடு வாங்கி, ஒரு தாழ்ந்த விழுதில் குட்டியின் காலைக் கோத்துத் தொங்கவிட்டாள்.

"தாய்க்காரி தேடி வருவா. வந்தா உண்டு" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "எங்க ஊரு கட்டுப்பாடு இது. யாரு எழுப்பி விட்டாகளோ அவுக, இதுக மறுபடி அடைஞ்சு, பொழுது சாய இரைக்குக் கெளம்புற மட்டும், இங்கனயே உக்காந்திருக்கணும். வண்டி உறுமக் கூடாது. வேற அபராதம் ஒண்ணும் கிடையாது. எம் மருமகன் புது மோட்டார் சைக்கிள உறுமவிட்டுட்டு அவனும்தான் உக்காந்தான்" என்றாள்.

"இது என்ன நான்சென்ஸ்?" என்றார் அசோக்குமார். "எனக்குக் கொடைக்கானல்ல மீட்டிங்!"

"போங்களேன். கயிறு போட்டா கட்டியிருக்கோம்? உக்காருறதும் உக்காராததும் உங்க மனசு." சொல்லிவிட்டு ஒச்சாயி களையெடுக்கப் போய்விட்டாள். மற்றவர்களும் கலைந்துவிட்டார்கள். காவலுக்கு ஒரு ஆள் நிற்கவில்லை.

காளை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கருப்பனுக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். அசோக்குமார் செல்போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். செங்கல்தான். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"மேடம், கேளுங்க. காரைச் சத்தமில்லாம மெயின் ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போயிடலாம். எறக்கம்தான். நீங்களும் நானுமே போதும். எனக்கு டிரைவிங் தெரியும். அந்த ஆளு இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், அவன்தானே அடிச்சான்? என்னை டைமுக்குக் கொடைக்கானல்ல சேர்த்துடுங்க. மதுரைக்கு ஒரு நைட் போட்டுடறேன். ப்ராமிஸ்."

ஒரு ராத்திரி. எத்தனை வருஷமாக ஒவ்வொரு கம்பெனிக்காரன் வாயிலும் இந்த வார்த்தை வராதா என்று காத்துக் கிடந்தேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், மனசு ஆடியது. காரைப் பார்த்தேன், கரையின் இறக்கத்தைப் பார்த்தேன். தள்ளினால் பூப்போல இறங்கிவிடும். காளையும் கேட்டுவிட்டான் போலிருக்கிறது. "யக்கா, நீங்க போயிட்டு வாங்க. அடிச்சது நான்தான? நான் உக்காந்துட்டு பஸ்ஸப் பிடிச்சு வாரேன்" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதுதான் என்னை நிறுத்தியது.

"சார்" என்றேன். "காலையிலேருந்து 'இந்த ஊரை மதிச்சு ஒரு ராத்திரி இருங்க'ன்னு உங்க உயிரை வாங்கிக்கிட்டு இருக்கேன். இப்ப இந்த ஊரை நானே மதிக்காம, என் ஆளை உக்கார வச்சிட்டு, திருட்டுத்தனமா வண்டியத் தள்ளிக்கிட்டு ஓடுனா, அதுக்கு நீங்க போடுற ராத்திரியில எனக்குத் தூக்கம் வருமா? அந்த ராத்திரி எனக்கு வேணாம். அரை நாளே இருக்கட்டும். எனக்கு அதுவும் வேணாம், கொடைக்கானல்காரனுக்கே குடுத்திருங்க. மெயின் ரோட்டுல பஸ் வரும், நடந்து போனா பிடிச்சிரலாம். நான் காளைகூட உக்காரப்போறேன்."

போய்க் காளைக்குப் பக்கத்தில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று உள்ளே ஒருத்தி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அசோக்குமார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு பக்கம் கொஞ்ச தூரம் நடந்தார். வெயில் சுட்டதோ, பெட்டி கனத்ததோ, திரும்பி வந்து கார் பானட்டில் சாய்ந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வவ்வால்கள் ஒவ்வொரு கூட்டமாகத் திரும்பின. இறங்கி வந்து, கிளைக்கு அடியில் ஒரு குட்டிக்கரணம் அடித்து, காலால் பற்றித் தொங்கும். பிறகு இடத்துக்குச் சண்டை. தள்ளு முள்ளு, கீச்சுக் கீச்சு. சிம்மக்கல் டவுன் பஸ் தோற்றுவிடும். இடம் பிடித்த பிறகு, புழுக்கம் தாங்காமல் ஒரு இறக்கையை மட்டும் விரித்து நிதானமாக விசிறிக்கொள்ளும். வெயில் அந்த இறக்கை வழியாக விழும்போது செம்மண் நிறத்தில் நரம்பெல்லாம் தெரிந்தது. யாரோ பார்த்துப் பார்த்து நெய்த மெல்லிய பட்டு மாதிரி. நெசவுக்காரர் வீட்டுப் பெண் சொல்கிறேன், அந்த மாதிரி நூல் நான் பார்த்ததில்லை.

ஒச்சாயி ஒரு தூக்குவாளியில் மோரும், மடியில் வெள்ளரிப் பிஞ்சும் கொண்டுவந்தாள். "தண்டனக்காரவுகளுக்கும் தாகம் எடுக்கும்ல" என்றாள். பானட்டில் சாய்ந்திருந்தவரிடம் போய், "நீங்க சும்மா வந்தவுகதான? சும்மா வந்தவுகளுக்கும் உண்டு" என்று ஒரு டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைக் கொடுக்க வந்தவர், எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"அந்தக் குட்டி?" என்று கேட்டார்.

காளை விரலை உதட்டில் வைத்துக்கொண்டு விழுதைக் காட்டினான். குட்டி மெல்லியதாகக் கத்திக்கொண்டே இருந்தது. ஒரு வவ்வால் மட்டும் எந்தக் கிளையிலும் அடையாமல் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. போகும், வரும், போகும். நாங்கள் மூன்று பேரும் மூச்சுக்கூட விடவில்லை. ஒரு வட்டத்தில் அது விழுதை ஒட்டி வந்து அமர்ந்தது. நகர்ந்து நகர்ந்து குட்டியிடம் போய் முகர்ந்து பார்த்தது. இறக்கையை விரித்து மூடியது. மூடிய இறக்கை திறந்தபோது குட்டி அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்கய்யா கருப்பா!" என்றான் காளை, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து. அசோக்குமார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட பேண்டோடு, வவ்வால் எச்சத்துக்கு மேலேயே.

பொழுது மேற்கே சாய்ந்தது. மரம் மெல்ல மெல்ல விழித்தது. ஒன்று சோம்பல் முறித்தது, இன்னொன்று இறக்கையை உதறியது. முதலில் ஒரே ஒரு வவ்வால் கிளம்பி, கண்மாய்க்கு மேல் தாழப் பறந்து, வயிற்றைத் தண்ணீரில் ஒரு தட்டுத் தட்டி நனைத்துக்கொண்டு மேலே போனது. ஈர வயிற்றை நக்கித்தான் அவை தண்ணீர் குடிக்குமாம். பிறகு இன்னொன்று. பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்னக் கோடு. சிவந்த வானத்தில் ஒரு பெரிய கறுப்பு ஆறு, சத்தமே இல்லாமல், சிறுமலையைப் பார்த்து ஓடியது. பகலில் அலறியடித்துக்கொண்டு பறந்தவையா இவை? ராணி ஊர்வலம் போவது மாதிரிப் போயின. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். என் ஊரில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, இத்தனை வருஷம் ஊரைக் காட்டிப் பிழைத்தவள் நான், எனக்கே தெரியவில்லை.

"சிறுமலை வாழப்பழம் திங்கப் போகுதுக" என்றாள் ஒச்சாயி, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வது போல. "சரி, உங்க தண்டன முடிஞ்சுச்சு. கெளம்புங்க."

அசோக்குமார் எழுந்திருக்கவில்லை. கடைசி வவ்வால் போன பிறகும் அண்ணாந்துகொண்டே இருந்தார். வாய் திறந்திருந்தது. அவர் டூரிஸ்டுகளுக்கு வேண்டும் என்று கேட்ட அந்த 'ஆ', அவர் வாயிலேயே இருந்தது. நான் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் காளை கொடைக்கானல் பக்கம் இண்டிகேட்டர் போட்டான்.

"மேடம்" என்றார் அசோக்குமார். "காலையிலே ஒரு ராஜாவைக் காட்டினீங்களே, கையில டேப் தொங்கிச்சே... அவர் பேர் என்ன?"

சொன்னேன்.

"நான் சரியாப் பார்க்கலை. எதையுமே சரியாப் பார்க்கலைன்னு நினைக்கிறேன்." முன் சீட்டுப் பக்கம் குனிந்து, "காளை, வண்டியை மதுரைக்குத் திருப்புப்பா. ஹோட்டல்காரங்களுக்கு போன் பண்ணிக்கறேன். கொடைக்கானல் நாளைக்கு ஓடிப் போயிடாது" என்றார்.

அவர் கம்பெனிக்கு அது முதல் மதுரை ராத்திரி.

ஆடி மாதம் சென்னையிலிருந்து போன் வந்தது. "மேடம், மதுரைக்கு ரெண்டு நைட். கம்பெனியில ஓகே வாங்கிட்டேன். ஒரே ஒரு சிக்கல். ப்ரோக்ராம்ல ரெண்டாம் நாள் சாயங்காலத்துக்கு என்ன போடறதுன்னு தெரியலை. அந்த ஊர்ப் பேரைப் போட்டா நாளைக்கே எல்லாக் கம்பெனி பஸ்ஸும் ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்து நிக்கும்."

"பேரைப் போடாதீங்க சார். சும்மா உட்கார்ந்திருத்தல்னு போடுங்க" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் அப்படியே போட்டுவிட்டார்.

ஐப்பசியில் முதல் கூட்டம் வந்தது. பஸ்ஸை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டோம். காளை ஏர் ஹாரனை எப்போதோ கழற்றிவிட்டான். இப்போதெல்லாம் எந்தக் கருப்பனைத் தாண்டினாலும் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்கிறான். வெள்ளைக்காரர்களும் வெள்ளைக்காரிகளுமாக ஒரு கூட்டம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரிக் கரையில் நடந்து போய், கருப்பனுக்கு எதிரில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

ஒச்சாயி களைக்கொத்தோடு வேகமாக வந்தாள். மரத்தைப் பார்த்தாள். எல்லாம் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"எவுக எழுப்பி விட்டது?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

"யாரும் எழுப்பலக்கா. சும்மா உக்காரத்தான் வந்திருக்காக."

ஒச்சாயி களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"அடி ஆத்தீ! ஒரு தப்பும் செய்யாம தண்டனைய அனுபவிக்கவா, அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காக?" என்றவள், மோர் எடுத்து வர வீட்டுக்கு ஓடினாள்.